கம்பைல் ஓடினால் சத்தம் சுத்தம், சும்மா இருந்தால் விக்கல். ஏன்?

கேட்டவர்:
ராஸ்பெர்ரி பை 4-இல் கிட்டாருக்கு ஒரு எஃபெக்ட் நிரல் எழுதி ஓட்டுகிறேன். 48 கிலோஹெர்ட்ஸ், 480 சாம்பிள். அதாவது 10 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை த்ரெட் எழுந்து வேலையை முடித்தாக வேண்டும். கவர்னர் (சிபியு வேகத்தை முடிவு செய்யும் கர்னல் பகுதி) ‘ஸ்கெட்யூட்டில்’ (schedutil). நிமிடத்துக்கு நாலைந்து எக்ஸ்ரன் (கெடுவுக்குள் வேலை முடியாமல் சத்தம் அறுபடுவது) வருகிறது. வேடிக்கை என்னவென்றால், பக்கத்து டெர்மினலில் ஏதாவது கம்பைல் ஓடவிட்டால் ஒரு விக்கல்கூட இல்லை! நைஸ் (முன்னுரிமை எண்) -20 வரை இறக்கிப் பார்த்தேன், பலனில்லை. எப்போதும் உச்ச வேகத்தில் வைக்கும் பெர்ஃபார்மன்ஸ் கவர்னரில் சரியாகிறது. ஆனால் மூடிய பெட்டி, 80 டிகிரி தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

பதில் 1:
யாருக்கு சிபியு என்பதைத்தான் நைஸ் முடிவு செய்யும், எந்த வேகத்தில் என்பதை அல்ல. முழு வேகத்தில் ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது?

கேட்டவர்:
1500 மெகாஹெர்ட்ஸில் சராசரி 4 மி.செ. ரிவெர்ப் கூடும்போது ஒன்றிரண்டு சுற்று மட்டும் 6.

பதில் 1:
அந்த 6-தான் ஆள். ஸ்கெட்யூட்டில் பார்ப்பது ஷெட்யூலர் (வேலைகளுக்கு சிபியுவைப் பங்கிடுவது) தரும் சராசரிச் சுமையை. உங்களுடையது 40%. அதை 1.25-ஆல் பெருக்கி 1500-க்குப் போட்டால் 750. அடுத்த படி 800 மெகாஹெர்ட்ஸ். அதில் 4 மி.செ. வேலை 7.5-இல் முடிந்துவிடும், 6 மி.செ. வேலைக்கு 11.25 ஆகும். போச்சு. சராசரி ஏறட்டும் என்று காத்திருக்கவும் முடியாது: ஷெட்யூலர் சுமையை அளக்கும் பெல்ட் (PELT) கணக்கில் பழைய சுமை பாதியாகத் தேயவே 32 மி.செ. ஆகும், அதற்குள் மூன்று சுற்று ஓடியிருக்கும். கம்பைல் மர்மமும் இதேதான். பை 4-இல் நாலு கோருக்கும் ஒரே கடிகாரம். எது உழைத்தாலும் எல்லாவற்றுக்கும் வேகம் ஏறும்.

பதில் 2:
த்ரெட்டை எஸ்சிஹெச்இடி ஃபிஃபோவுக்கு (SCHED_FIFO, ரியல்டைம் முன்னுரிமை) மாற்றலாமே? ரியல்டைம் வேலை எழுந்தால் ஸ்கெட்யூட்டில் உச்ச வேகம் கேட்குமே.

பதில் 1:
கேட்கும், ஆனால் பை-யில் வேகமாற்றம் ஃபர்ம்வேர் வழியாகப் போகிறது, உடனே நடக்காது. 10 மி.செ.-க்கு ஒரு முறை ஏறி இறங்க வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஃபிஃபோ வேறு காரணத்துக்கு நல்லதுதான், வைத்துக்கொள்ளுங்கள். முதலில், வேகம் எதற்குக் கீழே இறங்கக்கூடாது என்று சொல்லும் ஸ்கேலிங் மின் ஃப்ரீக் (scaling_min_freq) கோப்பில் 1000000 எழுதுங்கள் (அங்கே அலகு கிலோஹெர்ட்ஸ்). 6 மி.செ. வேலை 9-இல் முடியும்.

கேட்டவர்:
எழுதினேன் அண்ணா. இரண்டு மணி நேரம் வாசித்தாயிற்று, எக்ஸ்ரன் சுழியம், சூடு 70-ஐத் தாண்டவில்லை. ரீபூட் செய்ததும் பழைய மதிப்புக்கே போய்விட்டது. பூட் ஆகும்போதே ஓடும் சிஸ்டம்டி சர்வீஸில் அதற்கு ஒரு வரி சேர்த்துவிட்டேன்.