பழைய வண்டியில ஆக்சிலேட்டர் கேபிள் மாத்தினவங்க, உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

திருநகர், 1988 மாருதி 800

பெரியகுளத்துல ஒரு வளைகாப்பு. முடிச்சிட்டு மதுரைக்குத் திரும்புறோம். ஆண்டிப்பட்டி கணவாய் தாண்டி உசிலம்பட்டிப் பக்கம் இறக்கம். ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டேன், ஆனா இன்ஜின் இரைச்சல் அடங்கல. கிளட்சை மிதிச்சா லோடு இல்லாம இன்னும் அலறுது. நியூட்ரலுக்குத் தள்ளி, சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்பி ஆஃப் பண்ணி, பிரேக்கை விடாம ஒரே அழுத்தா அழுத்தி ஓரங்கட்டினேன். புதுசா ஓட்டுறவங்க இதைக் கவனிங்க: பதட்டத்துல சாவியை உருவிட்டா ஸ்டியரிங் லாக் விழுந்துரும். பிரேக்கையும் விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. பிரேக்குக்குத் துணை பலம் குடுக்கிற பூஸ்டர் இருக்கிற வண்டியில இன்ஜின் நின்ன பிறகு ரெண்டொரு மிதிக்குத்தான் வேக்குவம் மிச்சம் இருக்கும், அப்புறம் பெடல் கல்லாயிரும்.

பேனட்டைத் திறந்தா, கார்புரேட்டர் பக்கம் கேபிள் இன்னர், அதாவது உள்ள ஓடுற கம்பி, பிரி பிரியா விட்டுப்போயிருக்கு. அறுந்த இழை அவுட்டர் (வெளி உறை) வாயில குத்தி நிக்குது. அதான் கார்புரேட்டர் லீவர் திரும்பல. கேபிளைக் கழட்டிட்டு, ஐடில் ஸ்க்ரூவை (பெடலைத் தொடாதப்ப இன்ஜின் ஓடுற வேகத்தை அமைக்கிறது) ஏத்தி வச்சு, சின்ன கியர்லயே உருட்டிக்கிட்டு உசிலம்பட்டி வந்து சேர்ந்தோம். பின்னாடி வந்த டவுன் பஸ்காரர் அடிச்ச ஹாரனை இப்ப நினைச்சாலும் சிரிப்பு வருது.

ஊர்ல ஒரு ஒர்க்‌ஷாப்ல புது கேபிள் போட்டாங்க. சீக்கிரமே மறுபடியும் பெடல் கனத்துப்போச்சு. "இப்ப வர்ற சாமானே இப்படித்தான் சார்"னுட்டாங்க. எனக்கு மனசு ஆறல. பழங்காநத்தத்துல ஒரு வயசான மெக்கானிக்கிட்ட கொண்டுபோனேன். அவர் கேபிளைத் தொடவே இல்ல.

"தம்பி, செல்ஃப் அடிங்க." அடிச்சேன். "இன்னொரு தடவை." அடிச்சேன். "இங்கிட்டு வந்து கேபிள் மேல கையை வைங்க."

வெதுவெதுன்னு சூடு. இன்ஜின் ஓடவே இல்ல, செல்ஃப் மட்டும்தான் அடிச்சிருக்கோம்.

"சுடுதா? உங்க எர்த்து செத்துப்போச்சு. கேபிள் பாவம், என்ன பண்ணும்?"

விஷயம் இதுதான். செல்ஃப், அதாவது ஸ்டார்ட்டர் மோட்டார், இழுக்குற கரண்டு நூறு ஆம்பியருக்கு மேல போகும். அது அத்தனையும் இன்ஜின்ல இருந்து பேட்டரி மைனஸுக்குத் திரும்பி வந்தாகணும். அதுக்குத்தான் தடிமனான எர்த் வயர். என் வண்டியில அந்த வயரோட லக்கு (முனையில போல்ட் பூட்டுற வளையம்) பச்சை பூத்து, பெயிண்ட்டுக்கும் துருவுக்கும் நடுவுல சும்மா ஒட்டிக்கிட்டிருந்துச்சு. கரண்டுக்கு வேற வழி வேணுமே? இன்ஜினையும் பாடியையும் சேர்க்குற இரும்பு எது கிடைச்சாலும் அதுல பாயும். ஆக்சிலேட்டர் கேபிளோட இரும்பு அவுட்டர்தான் அதுக்கு வசதியா கிடைச்சது. சோக் கேபிள் இருந்தா அதுக்கும் இதே கதிதான். உள்ள இருக்கிற பிளாஸ்டிக் உறை இளகி இன்னரைப் பிடிச்சுக்கும், பெடல் கனக்கும், நாமளும் கேபிள் கம்பெனியைத் திட்டுவோம்.

எர்த் வயரைப் புதுசா போட்டு, லக்கு உட்கார்ற இடத்தை இரும்பு பளபளன்னு தெரியுற வரைக்கும் உப்புத்தாள் போட்டுச் சுரண்டினார். அதுக்கப்புறம்தான் கேபிளையே கையில எடுத்தார். செல்ஃபும் முன்னைவிட சுறுசுறுப்பா சுத்துது. இத்தனை நாளா பேட்டரி வீக்குன்னுல்ல நினைச்சுக்கிட்டிருந்தோம்!

கேபிள் மாத்துறது பெரிய வேலை இல்ல. கார்புரேட்டர் பக்கம் லாக் நட்டைத் தளர்த்தி நிப்பிளை (இன்னர் முனையில இருக்கிற உலோகக் குமிழ்) எடுக்கணும், பெடல் பக்கம் தலைகீழாப் படுத்துக் கொக்கியைக் கழட்டணும், ஃபயர்வால் (இன்ஜினுக்கும் நாம உட்கார்ற இடத்துக்கும் நடுவுல இருக்கிற தகடு) ரப்பரோட சேர்த்து உருவணும். படுத்து எந்திரிக்கிறதுலதான் இடுப்பு போகும். புதுசைப் பூட்டும்போது எங்கயும் ஒடிச்சு வளைக்காதீங்க, சைலன்சர் சூடு படாமப் பாருங்க. கடைசியில பெடல்ல ஒரு துளி தொய்வு இருக்கணும், விறைப்பா வச்சா ஐடில் இறங்காது. ஒருத்தர் பெடலைத் தரை வரைக்கும் மிதிக்க, இன்னொருத்தர் கார்புரேட்டர் வாயில பிளேட் முழுசா திறக்குதான்னு பாக்கணும்.

மேலூர், மோரிஸ் மைனர்

உங்களுக்காவது கடையில ரெடிமேடா கிடைக்குது. இது எங்க தாத்தா வண்டி. சிம்மக்கல் பக்கம் ஏறாத கடை இல்ல, "மைனரா? அண்ணே, டாக்சிக்காரங்ககிட்டயே கேக்க முடியாதே"ன்னு சிரிச்சாங்க. கடைசியில டூவீலர் கேபிள் கட்டுற ஒருத்தர்தான் செஞ்சு குடுத்தார். பழைய கேபிளைத் தூக்கிப் போட்டுட்டு அளவு சொல்லப் போகாதீங்க. அவுட்டர் நீளம் வேற, அதுக்கு வெளிய நீட்டிக்கிட்டிருக்குற இன்னர் நீளம் வேற. ரெண்டும் தனித்தனியா வேணும்.

நிப்பிள் வைக்கிற விதம் பாக்கவே அழகு. இன்னர் முனையை நிப்பிளுக்குள்ள விட்டு, வெளிய வந்த இழைகளைக் குஞ்சம் மாதிரி விரிச்சு, அதுக்கப்புறம்தான் ஈயம் ஊத்தினார். விரிக்காம ஊத்தினா என்னைக்காவது ஒருநாள் வழுக்கிட்டு வந்துரும்.

மைனர்ல எஸ்.யு. கம்பெனி கார்புரேட்டர் பக்கம் நிப்பிள் கிடையாது. மொட்டை முனையை ஒரு சின்ன போல்ட் பிடிச்சிருக்கும். பலம் இருக்குன்னு அதை முறுக்கினீங்கன்னா இழை நசுங்கி, அதே இடத்துல அறுந்துரும்.

திருமங்கலம், அம்பாசடர்

நல்ல தகவல்ணே. ரெண்டு சந்தேகம். எர்த்து சரியா இருக்கான்னு வீட்லயே பாக்க முடியுமா? கேபிளுக்குள்ள எண்ணெய் விடலாமா? எங்க டிரைவர் வாரம் தவறாம விடுறாப்ல.

திருநகர், 1988 மாருதி 800

பாக்கலாம் தம்பி. ஜம்பர் கேபிள் ஒன்னை எடுத்து ஒரு முனையை பேட்டரி மைனஸ்லயும் இன்னொன்னை இன்ஜின் பிளாக்ல சுத்தமான இரும்புலயும் கவ்வ விட்டு செல்ஃப் அடிங்க. முன்னைவிட வேகமா சுத்துனா உங்க எர்த்துல கோளாறு. மல்டிமீட்டர் இருந்தா, செல்ஃப் அடிக்கும்போது அதே ரெண்டு இடத்துக்கு நடுவுல எத்தனை வோல்ட்னு பாருங்க. அரை வோல்ட் தாண்டுனா வயரையும் லக்கையும் கழட்டிச் சுரண்ட வேண்டியதுதான்.

எண்ணெய் விஷயம் கேபிளைப் பொறுத்தது. உள்ள பிளாஸ்டிக் உறை இருந்தா எதுவும் விடாதீங்க. நம்ம ஊர்ப் புழுதி எண்ணெயோட சேர்ந்து உள்ள சேறாயிரும். உறை இல்லாத பழைய சுருள் அவுட்டர்னா, கழட்டித் தொங்கவிட்டு, மேல் முனையில சொட்டுச் சொட்டா லேசான எண்ணெய், கீழ வடியுற வரைக்கும். வாரா வாரம் வேண்டாம். டிரைவர்கிட்ட பக்குவமாச் சொல்லுங்க.