ஆடிக் காற்றுத் தும்மல்: எப்போது டாக்டரிடம் காட்ட வேண்டும்?

அவிநாசி அம்மிணி
வணக்கமுங்க. பையனுக்குப் பதிமூன்று வயது. வைகாசி கடைசியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீச ஆரம்பித்தால் போதும், காலையில் பாயை விட்டு எழுந்ததும் விடாமல் தும்முவான், மூக்கில் தண்ணீராக ஒழுகும், கண்ணைக் கசக்கிச் சிவக்க வைத்துவிடுவான். உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து மூக்குத் தண்டின் குறுக்கே ஒரு கோடே விழுந்திருக்கிறது. மெடிக்கலில் செட்ரிசின் என்கிற அலர்ஜி மாத்திரை வாங்கித் தருகிறேன், தும்மல் அடங்குகிறது, ஆனால் வகுப்பில் தூங்கி வழிகிறானாம். இந்த வருடம் புதிதாக விடியற்காலை இருமல் வேறு. மாமியார், ஆடி போனால் சரியாயிரும் என்கிறார். வீட்டுக்காரர், சளிதான், ஆன்டிபயாடிக் போட்டால் போகும் என்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகிற அளவுக்கா இது? எதை வைத்து முடிவு செய்வதுங்க? வீட்டைச் சுற்றிலும் பார்த்தீனியமும் வேலிக்காத்தானும்தான்.

ஈரோட்டு மருந்தாளுநர்
அக்கா, மற்றதெல்லாம் அப்புறம், அந்த விடியற்காலை இருமலுக்காகவே இந்த வாரம் காட்டுங்க. அலர்ஜி மூக்கோடும் கண்ணோடும் நிற்கிற வரைக்கும் தொந்தரவுதான், ஆபத்து குறைவு. அது நெஞ்சுக்கு இறங்கினால் கதை வேறு. ராத்திரி இருமல், ஓடி விளையாடினால் இருமல், மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம், நெஞ்சு இறுக்கம், இதில் ஒன்று இருந்தாலும் ஆஸ்துமாவா என்று பார்க்க வேண்டும், மூக்கு அலர்ஜி இருப்பவர்களுக்கு அது சேர்ந்தே வருவது சகஜம். பகலில் டாக்டர் ஸ்டெத் வைத்துப் பார்க்கும்போது நெஞ்சு சுத்தமாக இருக்கும், ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடவும் வாய்ப்புண்டு. அதனால் இருமும்போது போனில் ஒரு வீடியோ எடுத்து வையுங்க. இந்த வயதுப் பையன் குழாயில் நன்றாக ஊதுவான், ஸ்பைரோமெட்ரி என்கிற மூச்சுத் திறன் டெஸ்ட் செய்து பார்க்கலாம்.

ஆன்டிபயாடிக் பற்றி உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்க: அரிப்பு, தண்ணீர் மூக்கு, காய்ச்சல் இல்லை என்றால் அதற்கு அங்கே வேலையே இல்லை. சளி மஞ்சளாக மாறியது என்பதை மட்டும் வைத்தும் அதைப் போடக்கூடாது. பத்து நாளுக்கு மேல் குறையாமல் கெட்டிச் சளியும் முகவலியும் இருந்தாலோ, குறைந்த மாதிரி இருந்து திரும்பக் காய்ச்சலோடு ஏறினாலோ, அப்போது சைனஸ் தொற்றா என்று டாக்டர் பார்ப்பார். ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்து நாற்றமடித்தாலோ ரத்தம் வந்தாலோ அதையும் தள்ளிப் போடாதீங்க.

தூக்கம் வருவது செட்ரிசினால்தான். ஃபெக்ஸோஃபெனடின், லோராடடின் மாதிரி தூக்கம் குறைவாகத் தருகிறவை இருக்கின்றன, அளவை டாக்டர் சொல்லட்டும். தினமும் மாத்திரை போட்டால்தான் பள்ளிக்கூடம் போக முடிகிறது என்கிற நிலைமையே டாக்டரைப் பார்க்கப் போதுமான காரணம். அநேகமாக மூக்கில் அடிக்கிற ஸ்டீராய்டு ஸ்ப்ரே தருவார்கள். அது அடித்த உடனே கேட்காது, ஒன்றிரண்டு வாரம் தினமும் அடித்தால்தான் முழுப் பலன் தெரியும். இரண்டு துவாரத்துக்கும் நடுவே உள்ள சுவரை நோக்கி அடித்தால் ரத்தம் கசியலாம், கொஞ்சம் வெளிப்பக்கமாகச் சாய்த்து அடிக்க வேண்டும்.

பேச முடியாமல் திணறினால், விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே இழுத்தால், உதடு நீலம் பாய்ந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, 108-ஐக் கூப்பிட்டுவிடுங்க.

கோபிக்காரன்
மேலே சொன்னதோடு ஒன்று. மூக்கடைப்புக்கு மெடிக்கலில் விற்கிற சொட்டு மருந்து, சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் வகை, அதைப் பையனுக்குப் பழக்கிவிடாதீங்க. விட்ட மறுநிமிடம் மூக்கு திறந்துகொள்ளும், சொர்க்கம்தான். ஆனால் நாலைந்து நாளுக்கு மேல் போட்டால் மருந்து இறங்கியதும் முன்னை விட மோசமாக அடைக்கும். எங்கள் மச்சான் பாட்டிலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் கல்யாண வீட்டுக்கே வருவார், கடைசியில் காது மூக்கு தொண்டை டாக்டர்தான் அதை விட வைத்தார். அப்புறம் 'சீசனுக்கு ஒரே ஊசி' என்று யாராவது சொன்னால் என்ன ஊசி என்று கேளுங்க. பல சமயம் அது வாரக்கணக்கில் உடம்பில் தங்குகிற ஸ்டீராய்டு, வளர்கிற பையனுக்கு வேண்டாத வேலை.

பல்லடம் தறிக்காரர்
ஏனுங்க அம்மிணி, செடியைச் சொன்னீங்க, பக்கத்தில் தறிக்குடோன், நூல் மில், கோழிப்பண்ணை ஏதாவது உண்டா? இந்தப் பக்கம் ஆடிக் காற்றின் மேலேயே எல்லாப் பழியையும் போட்டுவிடுகிறோம். பாட்டி வீட்டுக்குப் போனால் குறைகிறதா, லீவு நாளில் எப்படி, மாசி பங்குனியில் காற்றே இல்லாதபோதும் வருகிறதா என்று பாருங்க. வருடம் முழுக்க இருந்தால் படுக்கைத் தூசி, கரப்பான், பூஞ்சை மாதிரி வேறு காரணமாக இருக்கும். தறியில் இருப்பவர்களுக்குப் பஞ்சுத் தூசியால் நெஞ்சு இறுக்கம் வருவது தனி நோய், ஆரம்பத்தில் ஞாயிறு லீவு முடிந்து திங்கள்கிழமை வேலைக்குப் போகும்போது அது தலைகாட்டும். டாக்டருக்கு நம் வீடு எங்கே இருக்கிறது என்று நாம் சொன்னால்தானே தெரியும்.

அவிநாசி அம்மிணி
நன்றிங்க எல்லாருக்கும். தறிக்குடோன் இரண்டு வீடு தள்ளி இருக்கிறது, அதை யோசிக்கவே இல்லை. நேற்று விடியற்காலை இருமியதை வீடியோ எடுத்துவிட்டேன், கடைசியில் லேசாக விசில் சத்தம் கேட்கிறது. சனிக்கிழமைக்கு டோக்கன் போட்டாயிற்று. மாமியார் தூதுவளை ரசமும் சாம்பிராணிப் புகையும் போதும் என்கிறார், என்ன செய்ய?

ஈரோட்டு மருந்தாளுநர்
ரசம் தாராளமாகக் கொடுங்க. சாம்பிராணியையும் கொசுவர்த்திச் சுருளையும் அவன் படுக்கிற அறையில் நிறுத்திவிடுங்க, இருமுகிற நெஞ்சுக்குப் புகை ஆகாது. விசில் கேட்கிறது என்றால் சனிக்கிழமையைத் தாண்ட விடாதீங்க, அதற்குள் மூச்சு வாங்கினால் அன்றைக்கே கூட்டிப் போங்க. தோலில் குத்திப் பார்க்கிற அலர்ஜி டெஸ்ட் எடுப்பதாக இருந்தால், செட்ரிசினை எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்க, மாத்திரை உடம்பில் இருந்தால் அலர்ஜி இருந்தும் தோல் தடிக்காது. இன்ஹேலர் எழுதினால், பழகிவிடும் என்று பக்கத்து வீட்டில் யாராவது சொல்வார்கள், கேட்காதீங்க. அதில் இருக்கிற மருந்து மிகக் குறைந்த அளவு, நேராக மூச்சுக்குழாய்க்கே போகிறது. ஸ்பேசர் என்று ஒரு பிளாஸ்டிக் குடுவையும் சேர்த்து வாங்கி, எப்படி இழுப்பது என்று கிளம்பும் முன் அங்கேயே ஒருமுறை பையனைச் செய்து காட்டச் சொல்லுங்க.