12 நொடியில் மாறுகிறவன் விமானம் ஏறியது எப்படி?

பனங்காடு:
'வேர்ல்டு வார் இசட்' (2013) ஜாம்பி (நடைபிணம்) படங்களிலேயே லாஜிக் ஓட்டை இல்லாத படம் என்று பக்கத்துத் திரியில் ஒருவர் அடித்து விட்டிருக்கிறார். பிலடெல்பியா காட்சியில் எண் சொல்லும் பொம்மை எண்ண எண்ண, ஜாம்பியிடம் கடிபட்டவன் 12 நொடியில் தானும் ஜாம்பியாக எழுந்துவிடுகிறான். அப்படியானால் நோய் கடல் தாண்டியது எப்படி? டிக்கெட் கவுன்டர், பாதுகாப்புச் சோதனை, போர்டிங் கேட் எல்லாவற்றையும் 12 நொடியில் தாண்டினானா? 1918 ஃப்ளூ கப்பலேறிப் போனது, தொற்றியவன் படுக்கையில் விழ ஓரிரு நாள் ஆனதால். நோயைச் சுமப்பவன் நடமாட வேண்டும், அதுதான் பரவலின் முதல் விதி. மேக்ஸ் புரூக்ஸ் இந்தப் படத்தின் மூலமான 2006 நாவலில் இதைப் புரிந்து எழுதினார். அங்கே அகதிகள் வழியாகவும் கள்ள உறுப்பு மாற்று சிகிச்சை வழியாகவும் மெதுவாகப் பரவும். படம் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓட்டப் பந்தயம் காட்டுகிறது.

சேவல்கொடி:
படத்தை முழுசா பார்த்தீங்களா? ஜெருசலேம்ல இருந்து கிளம்புற விமானத்துல பின்பக்கம் ஒரு ஜாம்பி அடைஞ்சு கிடக்கும், நாய் குரைக்கும், கதவைத் திறந்ததும் வெளியே பாயும். இப்படித்தான் பயணம் பண்ணுது. அதுவும் போக, கொரியாவுல இருக்குற அமெரிக்க ராணுவத்தோட ஹம்ஃப்ரீஸ் முகாம்ல கடிபட்டவங்க மாற நிமிஷக் கணக்குல ஆச்சுன்னு சிப்பாயே சொல்றான். ஆரம்பத்துல மெதுவா இருந்த கிருமி அப்புறம் வேகமாச்சு. புத்தக வெறியர்களுக்கு இது காதுல விழாது.

பனங்காடு:
நிமிஷக் கணக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். சியோலில் இருந்து அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு 13, 14 மணி நேரம். பத்து நிமிஷத்தில் மாறினால் விமானம் ஓடுபாதை தாண்டியதும் முடிந்தது கதை. ஜெருசலேம் விமானம் ஊரே விழுந்த பிறகு கிளம்பியது, அவசரத்தில் எவனோ ஏறியிருக்கலாம். முதல் நாட்டிலிருந்து இரண்டாம் நாட்டுக்குப் போனது எப்படி என்பதுதான் கேள்வி. படத்தில் வரும் இஸ்ரேல் உளவுத்துறை மொசாட்காரர் வார்ம்பிரன் என்ன சொல்கிறார்? இந்தியத் தளபதி ஒருவர் ராட்சசர்களோடு சண்டை என்று அனுப்பிய தகவலை இடைமறித்தோம் என்கிறார். பிலடெல்பியா விழும் முன்பே இந்தியாவுக்கு வந்துவிட்டது! 12 நொடிக் கிருமி கொரியாவுக்கும் இந்தியாவுக்கும் எதில் ஏறி வந்தது?

கறார் கந்தசாமி:
இருவரும் உடலைப் பார்க்கவில்லை. முன்கைச் சிரையில் போட்ட மருந்து இதயம், நுரையீரல் சுற்றி மூளையை எட்டவே ஏறக்குறைய 10 முதல் 20 நொடி ஆகும். காலில் கடித்தால் இன்னும் கூடும், கழுத்தில் கடித்தால் குறையும். ஆனால் படத்தில் எங்கே கடித்தாலும் கடிகாரம் வைத்த மாதிரி ஒரே கணக்கு. அடுத்தது, வைரஸ் செல்லுக்குள் புகுந்து பெருகப் பல மணி நேரம் பிடிக்கும். ரேபிஸ் நரம்பு வழியாக ஊர்ந்து மூளைக்குப் போக வழக்கமாக ஒன்று முதல் மூன்று மாதம். 12 நொடியில் வேலை செய்வது விஷமாக இருக்கலாம், வைரஸ் ஆகாது.

சேவல்கொடி:
அப்ப கடிபட்ட இஸ்ரேலிய வீராங்கனை செகனோட கையை ஹீரோ ஜெர்ரி வெட்டுனது சரியான வைத்தியம்னு ஒத்துக்குறீங்க. ரத்தம் மூளைக்குப் போறதுக்குள்ள வெட்டிட்டான், அவ பிழைச்சா. நன்றி, எனக்குத்தான் பாயின்ட் எடுத்துக் கொடுத்திருக்கீங்க.

கறார் கந்தசாமி:
இல்லை. ஓங்கி வெட்டவே இரண்டு மூன்று நொடி போகும், அதற்குள் முழங்கையைத் தாண்டியிருக்கும். மணிக்கட்டில் இரண்டு தமனிகள் ஓடுகின்றன. மேலே இறுக்கிக் கட்டாமல் வெட்டினால் ரத்தப்போக்கே ஆளைக் கொல்லும். முதலில் கட்டு, பிறகு வெட்டு. படம் அதைத் தலைகீழாகச் செய்கிறது.

அரிவாள்மணை:
ஜாம்பிகள் ஒருவர் மேல் ஒருவர் குவிந்து ஜெருசலேம் சுவரில் ஏறும் காட்சியை யாரும் பேசவில்லையே. கிராஃபிக்ஸ் செய்த எம்பிசி நிறுவனம் 'ஆலிஸ்' என்ற கூட்ட மென்பொருளில் செய்தது. பார்க்க அபாரம். ஆனால் ஆளுக்கு 60 கிலோ என்றால், பத்து அடுக்குக்கு அடியில் கிடப்பவன் மேல் அரை டன்னுக்குக் குறையாது.

சேவல்கொடி:
நெரிசல்ல மனுஷன் சாகறது மார்பு விரிய முடியாம மூச்சு நின்னு. ஜாம்பிக்கு மூச்சு எதுக்கு?

அரிவாள்மணை:
மூச்சு வேண்டாம், எலும்பு வேண்டாமா? விலாவும் தொடையும் நொறுங்கினால் குவியலின் அடி சரியும், மேலே ஏறியவனும் சேர்ந்து விழுவான்.

பனங்காடு:
சுவர் இருக்கட்டும். எலும்பு முறிவைப் பேசி என் கேள்வியைப் புதைக்காதீர்கள். 12 நொடி. விமானம். பதில்?

சேவல்கொடி:
'ட்ரெயின் டு பூசான்'ங்கிற கொரிய ஜாம்பி படத்துலயும் இதே பாட்டுதான் பாடுனீங்க. ஒருத்தனுக்கு உடனே, இன்னொருத்தனுக்கு நேரமாகுதுன்னு ஒரு வாரம் இழுத்தீங்க. உங்களுக்கு நாவல்ல இல்லாத ஜாம்பி எல்லாம் போலி.

பனங்காடு:
பூசானில் நோய் ஒரே நாட்டுக்குள், ஒரே தண்டவாளத்தில் ஓடுகிறது. விநாடியில் மாறினாலும் கதை நிற்கும். அந்த இயக்குநர் தன் கிருமிக்குத் தகுந்த களத்தை எடுத்தார். இங்கே ஏறக்குறைய 19 கோடி டாலர் செலவழித்தும் அந்தப் பொருத்தம் பார்க்க ஆளில்லை. புடாபெஸ்டில் எடுத்த ரஷ்யப் போர்க் கட்டத்தையே தூக்கி எறிந்துவிட்டு, திரைக்கதையாளர்கள் லிண்டலாஃபையும் காடர்டையும் கூப்பிட்டு, கார்டிஃப் ஆய்வகத்தில் நடப்பதாகப் புது முடிவு எழுதினார்கள். கடைசியை மாற்றத் தெரிந்தவர்களுக்கு முதலில் வரும் பொம்மையின் எண்ணிக்கையை மாற்றத் தெரியவில்லையா? 12 நொடிக்குப் பதில் 24 மணி நேரம் என்றால் இந்தியா, கொரியா, பிலடெல்பியா மூன்றும் கோத்து வந்திருக்கும்.

சேவல்கொடி:
24 மணி நேரம்னா தெருவுல ஓட வேண்டிய அவசியமே இல்ல, கடிபட்டவன் வீட்டுக்குப் போய் சாப்பிட்டுத் தூங்குவான். உலகம் முழுக்க 50 கோடி டாலருக்கு மேல வசூல். மக்கள் பார்த்தது அந்த ஓட்டத்தை.

பனங்காடு:
வசூல் கேட்கவில்லை. கடிபட்டவன் எந்த கேட் வழியாக ஏறினான் என்று கேட்டேன்.

கறார் கந்தசாமி:
கேட்டை விடுங்கள், காலில் கடித்தாலும் அதே 12 எப்படி வரும்? அதற்கும் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

சேவல்கொடி:
ஹம்ஃப்ரீஸ் சீனை மறுபடி போட்டுப் பாருங்க, ரெண்டு பேரும்.