மறுமொழி: ஃபாயர் – இடைகழி என்று வைத்துக்கொள்ளலாமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

கும்பகோணத்துக்கும் சுவாமிமலைக்கும் நடுவில் ஒரு பெரிய வீட்டுக்கு உள்ளலங்கார வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். கீழ்த்தளம் மட்டும் 3,800 சதுர அடி. அண்ணன், தங்கை என்று இரண்டு குடும்பம் சேர்ந்து கட்டுகிறார்கள். அறைப் பெயரெல்லாம் தமிழில் வேண்டும் என்று கேட்டார்கள். வாசல் கதவுக்கும் ஹாலுக்கும் இடையில் வரும் ஃபாயரைத் தவிர மற்றதெல்லாம் எளிதாக அமைந்துவிட்டது. அதை 'இடைகழி' என்று வைத்துக்கொள்ளலாமா என்பதுதான் பேச்சு; குழுமத்தில் நீங்கள் எழுதியவற்றை மேற்கோளாகக் கொடுத்துப் பதில் சொல்கிறேன்.

முதலில் 'வரவேற்பறை' என்று எழுதினேன். நம் ஊரில் வரவேற்பறை என்றால் சோஃபா போட்டு உட்காரும் இடம். எலக்ட்ரீஷியன் அங்கே டிவி பாயின்ட் இழுத்துவிட்டார். பூசிய சுவரை மறுபடி கொத்த வேண்டியதாயிற்று. தப்பு என்னுடையதுதான். அடுத்த படியில் 'ஃபாயர்' என்றே எழுதினேன். கொத்தனார் 'ஃபயர்' என்று படித்துவிட்டு, தீயணைக்கும் சிலிண்டர் மாட்டும் இடமா என்று கேட்டார். வேடிக்கை என்னவென்றால் அவர் முழுக்கத் தப்பில்லை. பிரெஞ்சில் ஃபாயர் (foyer) என்ற சொல்லுக்கு அடுப்பு, கணப்பு என்றுதான் பொருள். நேராக மொழிபெயர்த்தால் வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்படி!

> முகமண்டபம் என்று சொல்லலாமே?

ஐயா, அது கோயிலுக்கு உரியது. அதோடு, வீட்டு வரைபடத்தில் 'மண்டபம்' என்று எழுதினால் தஞ்சாவூர்ப் பக்கத்தில் கல்யாண மண்டபம்தான் நினைவுக்கு வரும்.

> ரேழி இருக்கிறதே?

இருக்கிறது, எனக்கும் அதன்மேல்தான் ஆசை. டெல்டாவின் பழைய வீட்டில் திண்ணை தாண்டி உள்ளே வந்தால் ரேழி. வெயில் கொளுத்தும் தெருவிலிருந்து வந்தவருக்குக் கண் இருட்டும். நாலு எட்டு வைத்தால் கூடமும் முற்றத்து வெளிச்சமும் விரியும். இன்றைய வடிவமைப்பாளர் அதே வித்தையைத்தான் செய்கிறார். ஃபாயரில் ஃபால்ஸ் சீலிங்கை எட்டரை அடிக்கு இறக்கி, ஹாலில் இரண்டு தளத்துக்கும் சேர்த்து 20 அடி உயரத்தைத் திறந்துவிடுகிறார். செருப்பும் குடையும் கிடந்த இடத்தில் இப்போது ஷூ ரேக், கன்சோல் மேசை, ஆளுயரக் கண்ணாடி.

ஆனால் ரேழி அக்கிரகாரத்துச் சொல் என்று சிலர் ஒதுங்குவார்கள். 'எங்கள் தெருவில் நடை' என்பார்கள். நடையை காரிடாருக்கு விட்டுவிடலாம். ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்று இலக்கணக்காரர்கள் 'இரேழி' ஆக்குவார்கள், அது இன்னும் மோசம். எனவே வேருக்கே போய்விடலாம் என்கிறேன்: இடைகழி. அதுதான் பேச்சில் டேழி, ரேழி என்று தேய்ந்தது. வாசலுக்கும் உள்வாசலுக்கும் இடைப்பட்ட வழி, அவ்வளவுதான்.

> இடைகழி குறுகலான சந்து. இவர்கள் 12க்கு 10 அடியில் கட்டுகிறார்கள்.

இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. திருக்கோவலூர் இடைகழியில் முதலாழ்வார் மூவர் மழைக்கு ஒதுங்கிய கதை தெரியும்தானே: ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம். இன்னொரு வித்தியாசமும் உண்டு. பழைய வீட்டில் கதவுகள் ஒரே நேர்கோட்டில் நிற்கும். தெருவிலிருந்து கொல்லை வரை பார்வையும் காற்றும் ஓடும். இப்போது தேக்குச் சட்டத் தடுப்பு வைத்து ஹாலை மறைக்கிறோம். ஆனாலும் அந்த இடத்தின் வேலை மாறவில்லை: உள்ளே விடலாமா, அங்கேயே பேசி அனுப்பலாமா என்று தீர்மானிக்கும் இடம். கூரியர்காரர் நிற்பதும் அங்கேதான். அளவை வைத்துப் பெயர் வைத்தால் பத்து வருடத்துக்கு ஒருமுறை பெயர் மாற்ற வேண்டும்.

கூட்டுச்சொல்லுக்கும் வளைகிறது: இடைகழி விளக்கு, இடைகழி மேசை, இடைகழித் தடுப்பு. நாடக அரங்கின் ஃபாயருக்கு இது பொருந்தாது. அதற்கு முன்கூடம் போதும்.

போன வாரம் அந்தத் தங்கை போனில் கேட்டது: "ரேழில ஷூ ரேக் எந்தப் பக்கம் வருது?" வரைபடத்தில் அந்தச் சொல் எங்கேயுமே இல்லை.

திங்கட்கிழமை படம் பிரின்டுக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். அப்புறம், அதே இடைகழியை ஒட்டி மாடிப்படிக்கு அடியில் ஒரு பவுடர் ரூம் (வருகிறவர்களுக்கான சின்னக் கழிப்பறை) வருகிறது. இப்போதைக்கு அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.