‘சுமை’ வேண்டாம், ‘கெட்டிப்பு’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

வேட்டை ஆவணப்படம் ஒன்றுக்கு வசனவரி எழுதிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்கக் காடு, பழைய மாதிரிக் கைத்துப்பாக்கி, மான். கணினி போட்டுக்கொடுத்த முதல் வரி: ‘மான் வேட்டைக்கான கருப்புத் தூள் சுமைகள்’. யாரோ கோப்பித்தூள் மூட்டை தூக்குகிற மாதிரி இருக்கிறது.

தூளில் சிக்கல் இல்லை. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்ததற்குக் ‘கருமருந்து’ என்ற சொல் ஏற்கெனவே உண்டு. மலாய்க்காரர்களும் ‘உபாட் பெடில்’ என்று மருந்தாகத்தான் சொல்கிறார்கள். அந்தப் பெடிலே நம் வெடியிலிருந்து போனது என்பார்கள்.

கணினி ‘சுமை’ ஆக்கிவிட்ட ‘லோட்’ (load) என்ற ஆங்கிலச் சொல்தான் தகராறு. அதற்கு நம் குழுவில் பட்டர்வொர்த் அண்ணன் சொன்ன ‘இடுகை’ அழகுதான், ஆனால் அதை வலைப்பூக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கிள்ளான் டீச்சரின் ‘மருந்தளவு’ கிளினிக்கை ஞாபகப்படுத்துவதுகூடப் பரவாயில்லை, பொருள் முழுசாக வரவில்லை. இந்த ரிவால்வர்களில் தோட்டா கிடையாது. உருளையின் ஒவ்வோர் அறையிலும் முதலில் மருந்து, அதன்மேல் ஈயக் குண்டு, அழுத்தி முடித்தபின் பின்பக்கம் கேப்பு, அதாவது அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி. அறை எவ்வளவோ அவ்வளவுதான் இடம். உருண்டைக் குண்டு லேசானது, தூரம் போகப் போக வேகம் செத்துவிடும். மானுக்கென்று கனமான கூம்புக் குண்டு போட்டாலோ அது நீளம், மருந்துக்கு இடம் குறைகிறது. 1847இல் வந்த கோல்ட் வாக்கர் என்ற ரிவால்வரில் ஓர் அறைக்கு 60 கிரெய்ன் (மருந்தை நிறுக்கும் சின்ன எடையளவு) வரை மருந்து பிடிக்கும், ஏறக்குறைய அரைப் பவுன் தங்கத்தின் எடை. அதற்குத் துப்பாக்கியே 2 கிலோ! ஆக, வேட்டைக்காரர் ‘லோட்’ என்பது எந்தக் குண்டுக்கு எவ்வளவு மருந்து என்ற கூட்டு. ‘மருந்தளவு’ என்பதை, மருந்தை மட்டும் குறிக்கிற ‘சார்ஜ்’ஜுக்கு (charge) வைத்துக்கொள்வோம், டீச்சர் கோபிக்க வேண்டாம்.

என் முன்மொழிவு ‘கெட்டிப்பு’. திருவிழா வேட்டுக் குழாயில் மருந்தைப் போட்டுக் குத்தி இறுக்குவதை என் தாத்தா ‘கெட்டிக்கிறது’ என்பார். வினையாகவும் வரும், பெயராகவும் வரும்: ‘குண்டைக் கெட்டித்தார்’, ‘வேட்டைக் கெட்டிப்பு’. இன்னொன்று, மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்று இடைவெளி இருந்தால் ஆபத்து. இறுக்கமாக உட்கார வேண்டும் என்பது இந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

அப்புறம் ஒரு வேடிக்கை. மருந்தைக் குறைத்துப் போடுகிறவர்கள் மீதி இடத்தைக் கோதுமை ரவையால் நிரப்புவதுண்டு. ‘மருந்துக்கு மேல் ரவை, ரவைக்கு மேல் குண்டு’ என்று எழுதி, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு யாழ்ப்பாணத்து அங்கிளிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “தம்பி, ரவை எண்டால் எங்களுக்குத் தோட்டா எல்லோ? பிறகு குண்டு எதுக்கு?” என்றார். இப்போது ‘கோதுமைக் குறுநொய்’ என்று மாற்றியிருக்கிறேன். மனசே இல்லை.

கிரெய்னைக் குன்றிமணி ஆக்கலாமே என்று ஈப்போ தம்பி கேட்டிருந்தார். ஒரு குன்றிமணி கிட்டத்தட்ட 2 கிரெய்ன், கணக்கு உதைக்கும். ‘கிரெய்ன்’ அப்படியே இருக்கட்டும். படத்தில் வருவது வெள்ளைவால் மான், அதைக் கடமான் என்று திருத்திவிடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை கோப்பை அனுப்ப வேண்டும். ‘கெட்டிப்பு’ பிடிக்காதவர்கள் அதற்குள் வேறு சொல்லோடு வாருங்கள்.