பழைய கருங்கல் மதிலுக்குச் சிமெண்டா, சுண்ணாம்பா?

கேள்வி (வாலாஜாபேட்டை வீட்டுக்காரர்):

வணக்கம். வாலாஜாபேட்டையில் எங்கள் தாத்தா காலத்து வீட்டின் கொல்லைப்புறத்தில், ஏறத்தாழ ஆறடி உயரமும் ஒன்றரை அடி கனமும் கொண்ட கருங்கல் மதில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு மணல் என்ற கணக்கில் கலவை போட்டுக் கல் சந்துகளை அடைத்தோம். அந்தப் பூச்சு இப்போது பட்டை பட்டையாகக் கழன்று விழுகிறது. விழுந்த இடத்தில் விரலை விட்டால் உள்ளே மண் ஈரமாக இருக்கிறது. அடி வரிசையில் உப்பும் பூத்திருக்கிறது. வலு கூடிய 53 கிரேடு சிமெண்டை இன்னும் கெட்டியாகக் கலந்து பூசலாம் என்கிறார் கொத்தனார். சுண்ணாம்புதான் சரி என்கிறார் மாமா. எதைக் கேட்பது?

பதில் (கட்டட ஒப்பந்தக்காரர், ஆரணி):

சிமெண்டின் மேல் மட்டும் பழி போட வேண்டாம், ஐயா. செங்கல்லும் மணற்கல்லும் சிமெண்டுக்கு நடுவே பொரிந்து உதிர்வதுண்டு; கருங்கல்லுக்கு அந்தப் பயம் அவ்வளவாக இல்லை. அடித்தளத்திலிருந்தே சிமெண்டில் எழுப்பிய கருங்கல் மதில்கள் நம் பக்கம் எத்தனையோ உறுதியாக நிற்கின்றன. சந்தைச் சுரண்டாமல் மேலோடு தடவியிருப்பார்கள் என்றே தோன்றுகிறது.

பதில் (பழங்கட்டடப் பணிப் பொறியாளர், வேலூர்):

ஆரணி நண்பர் சொல்வது கல்லைப் பொறுத்தவரை சரிதான். ஆனால் உங்கள் மதிலில் கெட்டிருப்பது கல் அல்ல, அதன் வயிறு. இத்தகைய மதில்களில் இருபுறமும் முகக்கல் வைத்து, நடுவில் மண்ணும் சில்லுக்கல்லும் நிரப்பியிருப்பார்கள். மேலிருந்து இறங்கும் மழைநீரும் அடியிலிருந்து ஏறும் ஈரமும் கருங்கல் வழியாக வெளியேற முடியாது என்பதால், அவற்றுக்குள்ள வாசல் சந்து ஒன்றுதான். அதையும் சிமெண்டால் அடைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கி, மண்ணைக் கரைத்து, உப்பைப் பூச்சின் முதுகில் சேர்த்து அதைத் தள்ளிவிடுகிறது. கலவையைக் கெட்டியாக்கினால் இது கூடுமே தவிரக் குறையாது.

முதலில் பழைய சாந்து எது என்று பாருங்கள். உள்ளிருந்து ஒரு கட்டியை எடுத்துத் தண்ணீரில் போட்டால் மண் சாந்து கரைந்துவிடும். கரையாமல், உடைத்த முகத்தில் அரிசிக் குறுணை போல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது சுண்ணாம்பு. எலுமிச்சைச் சாறு விட்டு நுரைக்கிறதா என்று பார்ப்பார்கள்; சிமெண்டும் நுரைக்கும் என்பதால் அதை நம்ப வேண்டாம்.

வெறும் சுண்ணாம்பும் மணலும் கருங்கல்லுக்கு நடுவே இறுக நெடுநாள் ஆகும், ஏனெனில் கல் நீரை உறிஞ்சுவதில்லை. ஆகவே ஒரு பங்கு சுண்ணாம்பு, ஒரு பங்கு சுர்க்கி (செங்கல் தூள்), இரண்டு பங்கு சலித்த மணல் என்று கலக்கச் சொல்வேன். 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையிலேயே சுண்ணாம்பும் சுர்க்கியும்தான் கல்லைப் பிடித்திருக்கின்றன. சுர்க்கிக்கு மிதமாக வெந்த நாட்டுச் செங்கல்லை இடித்துச் சலிக்க வேண்டும்; முறுகிக் கருத்த செங்கல்லின் தூள் சுண்ணாம்போடு சேராது. கடுக்காய் ஊறல், வெல்லம் சேர்ப்பது பழைய வழக்கம். வெல்லம் மிகுந்தால் இறுகுவது தடைப்படும், எனவே அளவறிந்த கொத்தனார் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

கேள்வி (வாலாஜாபேட்டை வீட்டுக்காரர்):

மிக்க நன்றி, ஐயா. வெள்ளையடிக்க விற்கும் பொட்டலச் சுண்ணாம்பு போதுமா? உறுதிக்குக் கொஞ்சம் சிமெண்ட் கலக்கலாமா? வேலையை எப்போது தொடங்குவது?

பதில் (பழங்கட்டடப் பணிப் பொறியாளர், வேலூர்):

காற்றுப்பட்டுக் கிடந்த பொட்டலம் பாதி செத்துப் போயிருக்கும். புதிதாகச் சுட்ட கற்சுண்ணாம்பு வாங்கி, தொட்டித் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட்டு நீற்றி, சலித்து, இரண்டு வாரமாவது நீருக்கடியில் வைத்திருங்கள். கொதித்துத் தெறிக்கும்; கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் அருகில் விடாதீர்கள். சிமெண்ட் வேண்டாம், அந்த வேலையைச் சுர்க்கியே செய்யும்.

பழைய பூச்சை உளியால் மெல்லத் தட்டி எடுத்து, சந்தின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழத்துக்குச் சுரண்டி, தண்ணீர் தெளித்த பிறகு சாந்தை அழுத்தித் திணிக்க வேண்டும். அகன்ற சந்துகளில் சில்லுக்கல்லைச் செருகினால் சாந்து குறையும், வெடிப்பும் குறையும். கல்லின் முகத்தில் வழித்துப் பூச வேண்டாம். நம் ஊர் சித்திரை வெயிலில் வேலையைத் தொடங்கினால் சாந்து இறுகுமுன் காய்ந்து பொடியாகிவிடும். ஐப்பசி மழையிலோ கரைந்துவிடும். தை, மாசி மாதங்களே ஏற்றவை. ஈரச் சாக்கு போர்த்தி இரண்டு வாரம் காயாமல் பாருங்கள்.

மதிலின் தலைப்பக்கம் திறந்து கிடந்தால் அதை முதலில் மூடி, நீர் வழிய இருபுறமும் சரிவு கொடுங்கள். எங்காவது மதில் வயிறு தள்ளியிருந்தால் எந்தச் சாந்தும் அதைத் தாங்காது. அந்தப் பகுதியைப் பிரித்து, இரு முகத்தையும் பிணைக்கும் நீளக்கற்களை இடையிடையே வைத்துத் திரும்பக் கட்ட வேண்டியிருக்கும்.

பதில் (கட்டட ஒப்பந்தக்காரர், ஆரணி):

நடுவில் மண் நிரப்பியிருப்பதை நான் கணக்கில் கொள்ளவில்லை. அப்படியானால் பொறியாளர் ஐயா சொன்னபடியே செய்யலாம். ஒரு முழ நீளத்துக்கு மட்டும் முதலில் அடைத்துப் பார்த்து, அது இறுகிய பிறகு மீதியைத் தொடங்குங்கள்.