எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேனில் ‘எலும்பு சூப்பர்’ என்று உங்களுக்கும் சொன்னார்களா?

நாகை_ராசி:
2017இல் தைராய்டை எடுத்தபோது அதன் பின்னால் ஒட்டியிருக்கும், கால்சியத்தைக் காக்கும் ஹார்மோன் சுரப்பிகளான பாராதைராய்டு நான்கும் போய்விட்டன. கால்சியம், கால்சிட்ரியால் (வீரியமான வைட்டமின் டி) மாத்திரைக் கதை உங்களுக்கே தெரியும், அதை விடுங்கள். என் உறுத்தல் ஸ்கேன் எடுத்த பையனைப் பற்றி. முதல் தடவை முதுகெலும்பு டி-ஸ்கோர் (இளம் வயதினரின் சராசரி அடர்த்தியோடு ஒப்பிடும் எண், சராசரி என்றால் பூஜ்யம்) +2.1. திரையை என் பக்கம் திருப்பி, “சின்ன வயசுல என்னக்கா சாப்பிட்டீங்க? எங்க அம்மாவுக்கும் சொல்லுங்க” என்றான். தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டேன். டாக்டர் ஒரே வரியில் இறக்கிவிட்டார்: “இது பலம் இல்லம்மா, பழசு. பழைய எலும்பை இடிச்சுப் புதுசு கட்டச் சொல்ற ஹார்மோன்தான் உங்களுக்கு இல்லையே.”

அப்புறம் டெரிபாராடைட், அந்த ஹார்மோனின் ஒரு துண்டு. எலும்புத் தேய்மானக்காரர்களுக்கு வந்த ஊசி. அவர்களுக்கு ஒரு ஊசிப் பேனா 28 நாள் வரும். காலை, இரவு என்று போடும் எனக்கு 14 நாளில் தீர்ந்துவிடும். ஒரு வருடம் கழித்து மறுபடி ஸ்கேன். முதுகில் கொஞ்சம் ஏறியிருந்தது, முன்கையில் இறங்கியிருந்தது. அதே பையன்தான். இந்தத் தடவை திரையைத் திருப்பவே இல்லை. கவரை நீட்டிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டான்.

கால்சியம்கடன்:
இறங்கினால் ஆபத்து என்று யார் சொன்னது? எனக்கும் கையில் இறங்கியது. ஆறு மாதம் தோசைக்கல்லைக்கூடத் தூக்காமல் பயந்து செத்தேன், அவ்வளவுதான் என் கதை. முன்கை பெரும்பாலும் கெட்டியான புறணி எலும்பு, ஹார்மோன் அதில் துளை போடும். முதுகெலும்பின் உள்ளே இருப்பது தேன்கூடு மாதிரி, ஏறுவது அங்கேதான். புதிதாகக் கட்டிய எலும்பில் தாது இன்னும் முழுசாக ஏறியிருக்காது, அதனாலும் எண் குறைவாகக் காட்டும். ரத்தத்தில் சி.டி.எக்ஸ். (எலும்பு இடிவதைக் காட்டும்), பி1என்பி (கட்டுவதைக் காட்டும்) பாருங்கள். முதல் வருடத்தில் எகிறும், அப்புறம் தானாக இறங்கி, பழைய அளவுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். ஸ்கேன் பையன் முகத்தைப் பார்த்து மருத்துவம் பண்ணாதீர்கள்.

எடிசன்வாசி:
கடன் சொல்வது சரிதான், ஆனால் பயம் ஒன்றும் சும்மா இல்லை. 2019 செப்டம்பர். 84 அமினோ அமிலமும் கொண்ட முழு ஹார்மோன் ஊசியை அமெரிக்காவில் திரும்பப் பெற்றார்கள். குப்பியின் ரப்பர் துணுக்கு மருந்தில் கலக்கலாம் என்று காரணம். நான் அதில்தான் இருந்தேன். ஊசி நின்ற இரண்டாம் நாள் பல் துலக்கும்போது உதடு மரத்தது. எமர்ஜென்சியில் நர்ஸ் பிரஷர் பட்டையைக் கட்டிக் காற்றடித்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டிருந்தார். என் கண் முன்னால் என் விரல்கள் ஐந்தும் சோறு உருட்டுகிற மாதிரி தானாகக் குவிந்தன. பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. இடிக்கிற வேலை ஊசியோடு நின்றுவிட்டது, கட்டுகிற வேலை நிற்கவில்லை. எலும்பு ரத்தத்திலிருந்து கால்சியத்தைக் குடித்துக்கொண்டே இருந்தது என்று அப்புறம் விளக்கினார்கள். மாத்திரை அளவை ஏற்றாமல் ஊசியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இப்போது அதே ஹார்மோனை மெதுவாக விடும் பாலோபெக்டெரிபாராடைட் ஊசி, தினம் ஒன்று. ஸ்கேன் எண் முதல் ஆறு மாதம் இறங்கியது, இப்போது நிற்கிறது. சராசரிக்கு மேலேதான்.

ஓய்வு_வாத்தியார்:
என் மனைவிக்கும் இதே பிரச்சினை. கால் பிடித்து இழுக்கும். எல்லோரும் ஊசி ஊசி என்கிறீர்கள், பிரண்டையை யாரும் சொல்லவில்லையே? நார் உரித்து, நல்லெண்ணெயில் வதக்கி, புளி கொஞ்சம் தூக்கலாக வைத்துத் துவையல். வாரம் மூன்று நாள். காலையில் கேழ்வரகுக் கூழ், கறுப்பு எள் உருண்டை, இரவு பால். இளவெயிலில் இருபது நிமிடம். பேனாவை ஃபிரிட்ஜ் கதவில் வைக்காதீர்கள், திறந்து திறந்து சூடேறும். நடு அடுக்கில் வையுங்கள், ஃப்ரீசருக்குப் பக்கத்திலும் வேண்டாம். கரண்ட் போனால் ஐஸ் பை. மாடிப்படி ஏறுங்கள். சம்மணம் போட்டு உட்காருங்கள்.

கால்சியம்கடன்:
சார், அந்த ஹார்மோன் இல்லாததால் நமக்கெல்லாம் ரத்தத்தில் ஏற்கெனவே பாஸ்பேட் கூடுதல். பாலில் அதுவும் சேர்ந்தே வரும். ஃபிரிட்ஜ் விஷயம் மட்டும் ஏற்றுக்கொள்கிறேன்.

நாகை_ராசி:
வாத்தியார் அண்ணா, பிரண்டை கொல்லையிலேயே கிடக்கிறது. துவையல் தின்று தின்று நாக்கு அரித்ததுதான் மிச்சம். கடன், நீங்கள் சொன்ன இரண்டு டெஸ்டையும் எழுதி வைத்துக்கொண்டேன். அடுத்த மாதம் ஸ்கேன். அதே பையன் இருந்தால், திரையைத் திருப்பச் சொல்லி நானே கேட்கப் போகிறேன்.